டி-சர்ட் லண்டனில்... புகை திருப்பூரில்! பிராண்டுகளின் 'கார்பன் கணக்கு' யார் தலையில் விழுகிறது?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களுக்கு வெளிநாட்டு பையரிடமிருந்து வரும் மெயிலில் முன்பெல்லாம் மூணு கேள்விதான் முக்கியம். சாம்பிள் எப்போ வரும், பீஸ் என்ன விலை, ஷிப்மென்ட் எந்தத் தேதி. சில வருஷங்களாக நாலாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. போன வருஷம் எத்தனை யூனிட் கரன்ட் ஓடுச்சு? பாய்லருக்கு எத்தனை டன் விறகு, எத்தனை டன் நிலக்கரி? ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல்? பில்லோடு அனுப்பவும்.

துணி வாங்குகிற கம்பெனிக்கு விறகு பில் எதுக்கு?

அந்த பிராண்ட் தன் ஊரில், தன் முதலீட்டாளர்களிடம் '2030-க்குள் எங்கள் உமிழ்வைப் பாதியாகக் குறைப்போம்' என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதன் உமிழ்வில் பெரும்பகுதி லண்டனிலோ ஸ்டாக்ஹோமிலோ இல்லை. அவினாசி ரோட்டிலும், பல்லடம் ரோட்டிலும், நொய்யல் கரையில் இருக்கும் சாயப்பட்டறைகளிலும் இருக்கிறது. வாக்குக் கொடுத்தது அங்கே, புகை போவது இங்கே. நடுவில் ஒரு கணக்கு முறை இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் சோப்பு, கிரைண்டர், பனியன் எதை வாங்கினாலும் அதன் பின்னால் இருக்கும் 'நெட் ஜீரோ' விளம்பரத்தைக் கொஞ்சம் வேறு கண்ணால் பார்க்கலாம்.

ஸ்கோப் 1, 2, 3... என்னதான் அது?

ஒரு நிறுவனம் எவ்வளவு பசுமைக்குடில் வாயு வெளியிடுகிறது என்று கணக்குப் பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுவது 'கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால்' என்ற வழிமுறை. 2001-ல் முதல் பதிப்பு வந்தது. அது உமிழ்வை மூன்று கூடையில் போடுகிறது.

நிறுவனம் தன் வளாகத்தில் நேரடியாக எரிப்பது ஸ்கோப் 1. பாய்லர், ஜெனரேட்டர், சொந்த லாரி எல்லாம் இதில் வரும். வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ ஒரு மின் நிலையத்தில் எரிவது ஸ்கோப் 2. மற்ற எல்லாமே ஸ்கோப் 3. மூலப்பொருளைத் தயாரித்தவர் விட்ட புகை, ஏற்றி வந்த கப்பல், வாங்கியவர் வீட்டில் அதைப் பயன்படுத்தும்போது ஆகும் கரன்ட், கடைசியில் குப்பையில் போய் மட்குவது வரை. ஸ்கோப் 3-க்கான தனி விதிமுறை 2011-ல் வந்தது. அதில் மட்டும் 15 பிரிவுகள்.

நுகர்பொருள் நிறுவனங்களைப் பொறுத்தவரை கதையே மூன்றாவது கூடையில்தான். தன் உமிழ்வில் சுமார் 95 சதவீதம் விநியோகச் சங்கிலியிலிருந்து வருவதாக நெஸ்லேயே சொல்கிறது. பால், காபி, கோகோ விளையும் இடங்கள்தான் அதில் பெரும்பகுதி. மாடு விடும் ஏப்பத்தில் இருக்கும் மீத்தேன்கூட ஒரு சாக்லேட் கம்பெனியின் கணக்கில் ஏறும். துணி பிராண்டுகளின் நிலைமையும் இதேதான். கடையின் ஏ.சி.யும் ஹெட் ஆபீஸ் லைட்டும் மொத்தத்தில் ஒரு சின்னத் துளி.

ஆக, ஒரு பிராண்ட் 'எங்கள் அலுவலகங்கள் அனைத்தும் 100 சதவீதம் பசுமை மின்சாரத்தில் இயங்குகின்றன' என்று பெருமையாகப் போஸ்ட் போட்டால், அது பொய்யாக இருக்காது. ஆனால் அது மொத்தக் கணக்கில் எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள்.

கிரைண்டர் ஒரு கணக்கு, சோப்பு ஒரு கணக்கு

இதை நம்ம ஊர் பொருளை வைத்தே பார்க்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். மேஜை மேல் வைக்கும் கிரைண்டரில் பொதுவாக 150 வாட் மோட்டார் இருக்கும். மாவாட்ட அரை மணி நேரம் என்று வைத்தால் 0.075 யூனிட். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அப்படியென்றால் ஒரு தடவை இட்லி மாவுக்கு சுமார் 50 கிராம். வாரம் இரண்டு முறை, பத்து வருஷம் ஓடினால் 55 கிலோ வரும். கிரைண்டர் கம்பெனியின் ஸ்கோப் 3 கணக்கில் இதுவும் சேரும். 'விற்ற பொருளின் பயன்பாடு' என்ற பிரிவு.

அடுத்து பம்புசெட். கோவையின் இன்னொரு அடையாளம். 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 4 யூனிட்டுக்கும் மேல் இழுக்கும். நாளுக்கு 5 மணி நேரம், வருஷத்தில் 200 நாள் ஓடினால் 4,000 யூனிட். அதாவது வருஷத்துக்கு 2.8 டன். பம்பை வார்க்க இரும்பு உருக்கிய ஃபவுண்டரியின் புகையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு பம்பு கம்பெனி தன் தொழிற்சாலைக் கூரையில் சோலார் போடுவதைவிட, மோட்டாரின் திறனைக் கொஞ்சம் கூட்டினால் பூமிக்கு அதிக லாபம்.

சோப்பு இன்னும் சுவாரஸ்யம். ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் தண்ணீரை கெய்சரில் 15 டிகிரி சூடேற்ற சுமார் 0.35 யூனிட் ஆகும். ஒரு குளியலுக்குக் கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு சோப்பு 20 குளியல் வந்தால் 5 கிலோ. கையளவு சோப்பைத் தயாரிக்கும்போது இவ்வளவு ஆகாது. யூனிலீவர் போன்ற நிறுவனங்கள் தங்கள் மொத்தத் தடத்தில் மிகப் பெரிய பங்கு நுகர்வோர் வீட்டு வெந்நீரிலிருந்து வருவதாகப் பல வருஷங்களாகச் சொல்லி வருவது இதனால்தான். பச்சைத் தண்ணியில் குளிக்கிற ஊருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது வேறு விஷயம்.

துணி இந்த இரண்டிலிருந்தும் வேறுபடும். லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸ் ஒன்றின் முழு வாழ்நாளையும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட கணக்கில் மொத்தம் 33.4 கிலோ. அதில் 12.5 கிலோ வாங்கியவர் துவைத்துக் காயவைப்பதில் போகிறது. அங்கே வெந்நீர் வாஷிங் மெஷினும் டிரையரும் இருக்கின்றன. மொட்டை மாடிக் கொடியில் காயப்போடும் வீட்டில் அந்த 12.5 பெருமளவு குறைந்துவிடும். அப்போது மிஞ்சுவது பஞ்சு, நூல், துணி, சாயம். அதாவது, உற்பத்தி. உலக ஃபேஷன் தொழிலின் உமிழ்வில் சுமார் 70 சதவீதம் மூலப்பொருள், நூல், துணி, பதப்படுத்தல் ஆகிய கட்டங்களில் என்று மெக்கின்சியும் குளோபல் ஃபேஷன் அஜெண்டாவும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2018-ல் அந்தத் தொழில் விட்டது 210 கோடி டன், உலக மொத்தத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் என்பது அதே அறிக்கையின் மதிப்பீடு.

ஒரு பனியனுக்குள் எத்தனை பாய்லர்?

குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா காடுகளில் விளைந்த பஞ்சு கொங்கு மண்டல மில்லுக்கு வருகிறது. பஞ்சுக்குப் போட்ட யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. கணக்கின் முதல் வரி இது. மில்லில் ஸ்பிண்டில் சுற்றுவது முழுக்க மின்சாரம். அங்கிருந்து நூல் நிட்டிங் போகும். நிட்டிங் மெஷினும் மின்சாரம்தான், ஆனால் ஒப்பீட்டளவில் சின்னது. தையலில் அதைவிடக் குறைவு. பவர் டேபிளில் ஓவர்லாக் அடிக்கிற அக்காவின் மெஷின் இந்தச் சங்கிலியிலேயே மிகக் குறைவாக வெப்பம் கேட்கும் இடங்களில் ஒன்று.

உண்மையான புகை டையிங்கில்.

சாயம் ஏறத் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பொதுவாக 60 டிகிரியை ஒட்டி ஏறும். அதற்கு முன்னால் ப்ளீச்சிங், பின்னால் சோப்பிங் என்று கொதிநிலையை நெருங்கும் குளியல்கள் உண்டு. ஒரே துணி பல முறை சூடாகிறது, பல முறை அலசப்படுகிறது. பழைய விஞ்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 15, 20 லிட்டர்கூடப் பிடிக்கும். நவீன சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் அது 5 முதல் 8 லிட்டர் வரை இறங்கியிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் சூடேற்றும் எரிபொருளும் அதே விகிதத்தில் குறையும். அதற்கப்புறம் துணியை உலர்த்த வேண்டும். ஸ்டென்டர், டிரையர், காம்பாக்டிங் எல்லாமே வெப்பம் தின்னும் மெஷின்கள்.

இந்த வெப்பத்தைத் தருவது பாய்லரும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும். திருப்பூரில் பெரும்பாலான பாய்லர்களுக்குத் தீனி விறகு. சீமைக் கருவேலம் ஏற்றிய லாரிகள் தெற்கு மாவட்டங்களிலிருந்து வருவதை தாராபுரம் ரோட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில இடங்களில் நிலக்கரியும் உண்டு.

இங்கேதான் கணக்கில் ஒரு வளைவு வருகிறது. விறகு எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப் 1-ல் சேர்க்க வேண்டாம், தனியாக எழுதிக் காட்டுங்கள் என்கிறது புரோட்டோகால். மரம் வளரும்போது உறிஞ்சிய கார்பன்தானே திரும்பிப் போகிறது என்பது வாதம். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் கணக்கில் ஏற்ற வேண்டும். அதனால் நிலக்கரியிலிருந்து விறகுக்கு மாறிய பட்டறையின் ஸ்கோப் 1 தாளில் சட்டென்று சரிந்துவிடும். வெட்டிய மரம் மறுபடி வளர்ந்தால்தான் அந்த வாதம் நிற்கும். சீமைக் கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கும், சரி. ஆனால் எந்த லோடு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு பில்லிலும் எழுதியிருப்பதில்லை. எச் அண்ட் எம் நிறுவனம், வளாகத்தில் நிலக்கரி பாய்லர் வைத்திருக்கும் புதிய சப்ளையர்களை 2022 முதல் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. நிலக்கரியை விட்டவர்கள் எங்கே போவார்கள்? பலருக்குக் கைக்கெட்டும் வழி விறகுதான்.

நொய்யலைக் காப்பாற்றியதற்கும் ஒரு கார்பன் பில்

திருப்பூரின் கணக்கில் வேறு எந்த ஜவுளி நகரத்திலும் இந்த அளவுக்கு இல்லாத ஒரு வரி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆற்றின் கதைக்குப் போக வேண்டும்.

வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், பல பத்தாண்டுகள் சாயக் கழிவைச் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கட்டி முடித்த சில வருஷத்திலேயே கழிவுநீர்த் தேக்கமாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிலையைக் கெடு வைத்துக் கட்டாயமாக்கியது. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய் வந்தது. கெடுக்கள் கடந்தன. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. வேலை போனவர்கள் மூட்டை கட்டிச் சொந்த ஊர் போன காலம் அது. ஊர் இன்னும் அதை மறக்கவில்லை.

அதன் பிறகு திறந்தவர்கள் எல்லாம் 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' முறையில்தான் திறந்தார்கள். கழிவுநீரை ரிவர்ஸ் ஆஸ்மாசிஸில் வடிகட்டிப் பெரும்பகுதியை மீண்டும் சாயத்துக்கே எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கி உப்பைத் தனியாகப் பிரிப்பார்கள். இன்று 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள், அதுபோகத் தனிப்பட்ட ஆலைகள் இப்படி ஓடுகின்றன. இந்தியாவிலேயே ஒரு முழு ஜவுளி நகரமே இந்த முறைக்கு மாறியது பெரிய விஷயம்.

ஆனால் தண்ணீரை ஆவியாக்குவது இயற்பியலிலேயே காஸ்ட்லியான வேலை. ஒரு கிலோலிட்டர் தண்ணீர் ஆவியாக 600 யூனிட்டுக்கும் மேலான வெப்பம் வேண்டும். அடுக்கடுக்கான எவாப்பரேட்டர்களும், நீராவியையே அமுக்கி மறுபடி பயன்படுத்தும் எம்.வி.ஆர். முறையும் இந்தத் தேவையைப் பல மடங்கு குறைக்கின்றன. இருந்தாலும் சும்மா ஓடையில் திறந்துவிடுவதோடு ஒப்பிட்டால் இது தொடர்ந்து எரிபொருளும் கரன்ட்டும் கேட்கும் வேலை. ஆற்றுக்குப் போகாத கழிவு, இன்னொரு வடிவத்தில் கொஞ்சம் வானத்துக்குப் போகிறது.

இதை வைத்து 'சுத்திகரிப்பே தப்பு' என்று யாராவது வாதாடினால் நம்ப வேண்டாம். நொய்யல் விவசாயியின் கிணற்றுக்கு ஸ்கோப் 3 கிடையாது. சிக்கல் வேறு. கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடும் இன்னொரு நாட்டுச் சாயப்பட்டறையின் கார்பன் எண், திருப்பூரின் எண்ணைவிடக் குறைவாகத் தெரியலாம். கார்பன் என்ற ஒரே நிரலை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. தண்ணீர் நிரலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் படும்.

காற்றாலை ஊரிலேயே இருக்கே, அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலை பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைதான். இந்த மண்ணின் தொழிலுக்கும் பசுமை மின்சாரத்துக்கும் உறவு பழசு. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் மளமளவென்று பெருகின. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பெயரே அருவி மின்சாரத்தில் வாங்கியது. இங்கிலாந்து மான்செஸ்டரோ நிலக்கரியில் வளர்ந்தது.

பிறகு 1990-களிலிருந்து மில் முதலாளிகளும் பனியன் கம்பெனிக்காரர்களும் காற்றாலையில் பணம் போட்டார்கள். தங்கள் தேவையைப் போலப் பல மடங்கு காற்று, சூரிய மின் திறனை நிறுவியிருப்பதாகத் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் பையர்களிடம் எடுத்துச் சொல்லி வருகிறது. அது சும்மா இல்லை, நல்ல அட்டைதான். ஆனால் கார்பன் ஆடிட்டர் மூன்று குறுக்குக் கேள்வி கேட்பார்.

முதலாவது, அந்த மின்சாரம் எங்கே போனது? சொந்த ஆலைக்குக் கொண்டு வந்திருந்தால் ஸ்கோப் 2 குறையும். மின்வாரியத்துக்கு விற்றிருந்தால் அது எல்லோருக்குமான கிரிட்டில் கலந்துவிட்டது. விற்ற பாலை மறுபடி குடித்ததாகக் கணக்கு எழுத முடியாது. இரண்டாவது, ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன நிட்டிங் ஷெட்டுக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் சொந்தக் காற்றாலை இருக்கிறதா? ஏற்றுமதிக் கம்பெனியின் காற்றாலை அவர்கள் மீட்டரில் ஓடாது. கூரையில் சோலார் போடலாம் என்றால் நெட்வொர்க் கட்டணத்தை எதிர்த்துச் சிறு தொழில் அமைப்புகள் போராடிய கதை தனி. 2022 மின் கட்டண உயர்வுக்கு எதிராக சோமனூர், பல்லடம் விசைத்தறியாளர்கள் தெருவுக்கு வந்ததும் நினைவிருக்கலாம்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. காற்றாலை மின்சாரம் தரும், நீராவி தராது. டையிங்கின் பெரும்பசி வெப்பம். அதை மின்சாரத்துக்கு மாற்ற ஹீட் பம்ப், எலெக்ட்ரிக் பாய்லர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் விறகு விலையோடு போட்டி போடும் அளவுக்கு அவை இன்னும் மலிவாகவில்லை. அதுவரை காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் சிம்னியும் புகைந்துகொண்டே இருக்கும்.

பில்லை யார் கட்டுவது?

எச் அண்ட் எம், 2019-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் 56 சதவீதம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. ஸாரா பிராண்டின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் 2040-ல் நெட் ஜீரோ என்கிறது. இந்த இலக்குகளில் ஸ்கோப் 3 அடக்கம். பிராண்டின் ஸ்கோப் 3 என்பது சப்ளையரின் ஸ்கோப் 1, 2. ஆக பிராண்டின் வாக்குறுதி நிறைவேற, எங்கோ ஒரு சாயப்பட்டறை பாய்லரை மாற்ற வேண்டும், புது மெஷின் இறக்க வேண்டும், ஆடிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும், 'ஹிக்' என்ற கேள்வித்தாளை வருஷா வருஷம் நிரப்ப வேண்டும்.

கொங்குத் தமிழில் இந்தத் தொழிலின் நேர்மையான கேள்வி இப்படி இருக்கும்: "ஏனுங், இத்தனையும் பண்ணுனா பீஸுக்கு எவ்வளவு சேர்த்துத் தருவாங்களாம்?"

பெரும்பாலும் பதில் மௌனம். ஒரு டி-சர்ட்டின் விலையைப் பைசாக் கணக்கில் பேரம் பேசும் சந்தை இது. பையரின் சோர்சிங் பிரிவு விலையைக் குறைக்கச் சொல்கிறது, அதே பையரின் சஸ்டெய்னபிலிட்டி பிரிவு பாய்லரை மாற்றச் சொல்கிறது. இரண்டு மெயிலும் ஒரே நாளில் வரலாம். சில பிராண்டுகள் கடன் வசதியும் தொழில்நுட்ப உதவியும் தருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று சீசன் கழித்து ஆர்டர் இருக்குமா என்று தெரியாத ஒருவர் பத்து வருஷக் கடன் எடுத்து பாய்லர் மாற்றுவது எப்படி?

பையரின் பழக்கமே உமிழ்வைக் கூட்டும் இடங்களும் உண்டு. கடைசி நேரத்தில் டிசைன் மாற்றி, தேதியை மட்டும் மாற்றாமல் விட்டால், தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய பெட்டி விமானம் ஏறும். அதே எடையை அதே தூரம் கொண்டுபோக, விமானம் கப்பலைவிடப் பல பத்து மடங்கு அதிகம் உமிழும். அந்த விமானக் கட்டணம் பல சமயம் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும்.

2025 ஆகஸ்ட் மாதம் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், ஆர்டர் நிற்குமா போகுமா என்று தவிக்கும் நேரத்தில் ஹீட் பம்ப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் முதலில் கதவைத் தட்டியது செபி. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' என்ற அறிக்கை தர வேண்டும். கோவையின் கே.பி.ஆர். மில் போன்ற பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு உமிழ்வு என்று இதில் எழுதுகின்றன. யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்து படிக்கலாம். ஸ்கோப் 1, 2 இதில் முக்கியக் கேள்வி. ஸ்கோப் 3 விருப்பப்பட்டால் மட்டும்.

விநியோகச் சங்கிலியையும் கொண்டுவர செபி 2023-ல் திட்டமிட்டது. பிறகு அதைத் தள்ளிப்போட்டு, விருப்பத்துக்கு விட்டது. கொள்முதலில் 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள சப்ளையர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும் என்றும் தளர்த்தியது. ஆறு பவர் டேபிள் போட்டு வீட்டு முன்ஹாலில் ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு இது நிம்மதி. அதே சமயம், அங்கே என்ன எரிகிறது என்பது யார் தாளிலும் வராது.

மத்திய அரசின் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் ஜவுளித்துறையும் ஒன்று. ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி இப்போதைக்கு இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்குத்தான், பனியனுக்கு இல்லை. ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய எக்கோ டிசைன் சட்டம் துணியை முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' வரும் திசை அது. லேபிளை ஸ்கேன் செய்தால் எந்த மில், எந்த டையிங் என்று தெரிய வேண்டும். இன்னொரு பக்கம், பெரிய நிறுவனங்களின் பொறுப்புகளைக் குறைக்கும் 'ஆம்னிபஸ்' திருத்தங்களை அதே ஐரோப்பிய ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தது. ஒரு கை இறுக்குகிறது, இன்னொரு கை தளர்த்துகிறது.

பச்சை லேபிளை நம்பலாமா?

2022-ல் நார்வே நுகர்வோர் ஆணையம், ஹிக் தரவை வைத்துத் துணியின் மேல் சுற்றுச்சூழல் மதிப்பெண் ஒட்டுவது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் என்று சொன்னது. பருத்தியின் உலக சராசரி எண்ணை எடுத்து ஒரு குறிப்பிட்ட டி-சர்ட்டின் மேல் ஒட்டினால் அது அந்த டி-சர்ட்டைப் பற்றி என்ன சொல்லும்? அதன் பின் நுகர்வோருக்குக் காட்டும் அந்த லேபிள் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்தியாவிலும் 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் வந்துவிட்டன. 'இயற்கைக்கு உகந்தது', 'கார்பன் நியூட்ரல்' என்றெல்லாம் எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும்.

சராசரி எண் என்பது திருப்பூருக்குத்தான் அதிக நஷ்டம். சப்ளையரிடமிருந்து உண்மையான பில் வராதபோது, பிராண்ட் ஒரு தயார்நிலை சராசரியைப் போட்டுக் கணக்கை முடித்துவிடும். அதில் பல்லடத்துக் காற்றும் தெரியாது, மறுபடி பயன்படுத்திய தண்ணீரும் தெரியாது. விறகு பில்லை ஃபைலில் வைத்திருப்பது எரிச்சலான வேலைதான், ஆனால் நல்லது செய்த கம்பெனிக்கு அந்த ஃபைல்தான் சாட்சி.

உண்மையாகவே ஏதாவது மாறினால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க தூத்துக்குடி வரை போகலாம். அங்குள்ள டூட்டிகோரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து சோடா ஆஷ் தயாரிக்கும் முறையை 2016-ல் தொடங்கியது. வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கும் வகையில் வடிவமைத்த ஆலை. சோடா ஆஷ் துணி சோப்புப் பவுடரின் மூலப்பொருள். அந்த வகை சோடா ஆஷைத் தன் பவுடரில் பயன்படுத்துவதாக யூனிலீவர் 2020-ல் அறிவித்தது. இதிலும் ஒரு கொக்கி உண்டு. பவுடர் கரைந்து போன பிறகு அந்தக் கார்பன் எவ்வளவு காலம் கட்டுண்டு கிடக்கும் என்பது வேறு வேதியியல். புகையில் வீணாகப் போவதை மறுபடி ஒருமுறை உபயோகித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், நிரந்தரமாகப் புதைத்தார்கள் என்று அல்ல.

திருப்பூரில் இப்போது நடப்பது அவ்வளவு நாடகத்தனமானது இல்லை. கண்டன்சேட் தண்ணீரைத் திரும்பப் பாய்லருக்கே விடுவது, நீராவிக் குழாய்க்கு இன்சுலேஷன் சுற்றுவது, சூடான கழிவுநீரின் வெப்பத்தை அடுத்த குளியலுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், குறைந்த தண்ணீரில் ஓடும் சாய மெஷின். இவற்றில் சில, எரிபொருள் மிச்சத்திலேயே போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுத்துவிடும். அதனால் பையர் சொல்லாமலேயே நடக்கின்றன. பணம் திரும்ப வராத வேலைகள்தான் நிற்கின்றன. விறகிலிருந்து மின்சாரத்துக்கு மாறுவது அதில் முதலாவது.

2011-க்குப் பிறகு ஆற்றுக்கான பில் வந்தபோது அதைக் கட்டியது பட்டறைக்காரர்களின் சொந்தப் பணமும் வங்கிக் கடனும், தமிழக அரசு கொடுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும். அந்த ஆலைகளிலிருந்து வெளியே போன துணியை உலகம் பழைய பேரத்தோடுதான் வாங்கியது. வானத்துக்கான பில் இப்போது மெயிலில் வந்துகொண்டிருக்கிறது. இணைப்பில் ஒரு எக்செல் ஷீட். வரிசை 1-ல் மின்சாரம், வரிசை 2-ல் டீசல், வரிசை 3-ல் விறகு. விலை என்று ஒரு வரிசை அதில் இல்லை.